வேற பூனை

மழை பிடித்துக்கொண்டு விடாமல் கொட்டிய ஒரு வாரத்தில் மேனேஜர் காணாமல் போனது.

மேனேஜர் என்பது பூனை. மடித்து அடுக்கிய துணிகளின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, வேலை செய்கிறவர்களை அரைக்கண்ணால் மேற்பார்வை பார்த்தபடி, தான் மட்டும் ஒரு துரும்பையும் கிள்ளிப் போடாமல் இருந்ததால் பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் வைத்த பெயர் அது. பெயருக்கேற்ற வாயும் அதற்கு இருந்தது. காலையில் இஸ்திரிக் கடையின் இரும்புக் கதவைத் தூக்குவதற்கு முன்பே உள்ளேயிருந்து சத்தம் கொடுக்கும். மெல்லத் தொடங்கி, நடுவில் வளைந்து, கடைசியில் கேள்வி கேட்பதுபோல் மேலே தூக்கி முடியும் நீளமான சத்தம்.

"திறக்கிறோம் மேனேஜர், கொஞ்சம் பொறுங்க" என்பார் லேத்துக்காரர்.

லேத்துக்காரர் லேத்துப் பட்டறையை விட்டு வெகுநாளாகிவிட்டது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, ஓரத்திலிருந்து இருட்டு கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டு வந்தது. நடுவில் சாவித்துளை அளவுக்கு மிஞ்சியிருந்த வெளிச்சத்தைக் காப்பாற்ற ஆபரேஷன் செய்தார்கள். அதற்குப் பிறகு அதுவும் இல்லை. வேலை போனாலும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அவர் மனைவியைத் தெருவில் எல்லோரும் இஸ்திரியக்கா என்றார்கள். அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் முன்பக்கம் கடை. ஒரு திரைக்குப் பின்னால் கட்டிலும் சமையல் மேடையுமாக வீடு. அவள் தேய்த்துத் தள்ளுவாள், அவர் மடிப்பார்.

மடிப்பதில் அவரிடம் குறை சொல்ல முடியாது. சட்டையை மார்புப் பக்கம் கவிழ்த்து, இரண்டு தோளையும் உள்ளே வாங்கி, கையை நீளவாக்கில் இழுத்துவிட்டு, விரலால் ஒரு கோடு கிழித்தார் என்றால் கடையில் வாங்கிய சட்டைபோல இருக்கும். அந்தச் சூட்டின்மேல்தான் மேனேஜர் போய் உட்காரும். மேல்மாடியில் குடியிருந்த பள்ளிக்கூட வாத்தியார் ஒருநாள் தன் கறுப்புக் கால்சட்டையைத் தூக்கிக் காட்டி, "இதுல பூனை மயிரு இருக்குதா, பூனையில இதோட நூல் இருக்குதான்னே தெரியலம்மா" என்றார். இஸ்திரியக்கா பூனையை விளக்குமாற்றால் விரட்டினாள். அது இரண்டு அடி தள்ளிப்போய், அவள் துணியை உதறி வைக்கும்வரை காத்திருந்து, திரும்ப ஏறி உட்கார்ந்தது.

அந்தப் பூனையை யாரும் தொடக் கூடாது. தூக்கினால் வில்லாக வளைந்து நழுவும், விடாவிட்டால் கீறும். லேத்துக்காரரின் கணுக்காலில் மட்டும் போகிறபோக்கில் ஓர் உரசு உரசிவிட்டுப் போகும். அதற்குமேல் உறவு இல்லை. ஆனால் பேச்சுக்குக் குறைவில்லை. அவர் ஒன்று சொன்னால் அது ஒன்று சொல்லும். பெண்டாட்டியிடம் நேரடியாகப் பேசாமல் இருந்த காலத்தில்கூட அவர் பூனையிடம் பேசினார்.

"மேனேஜர், டீயில சக்கரை இல்லைன்னு உள்ள சொல்லுங்க."

"சக்கரைக்கு டாக்டர் தடை போட்டிருக்காருன்னு வெளிய சொல்லு" என்பாள் அவள், திரைக்கு அந்தப் பக்கமிருந்து.

அப்படித்தான் அந்த வீட்டில் பேச்சு திரும்ப முளைத்தது.

மழை தொடங்கிய அன்று காலை அது சத்தம் கொடுக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. துணி காயாமல் கடையெங்கும் கயிறு கட்டித் தொங்கியது. ஈரத்தோடு தேய்த்ததில் ஆவி எழும்பிக் கூரையில் முட்டியது. அவர் மடித்த துணியை மடிக்காத துணியோடு வைத்தார்.

"எங்கயாவது மழைக்கு ஒதுங்கியிருக்கும்" என்றாள்.

"இத்தனை நாளா ஒதுங்கும்?"

"நான் தேடிக் கொண்டாரேன். நீங்க எழுந்து எங்கயும் போயிடாதீங்க."

அவள் தேடினாள். குடையைப் பிடித்துக்கொண்டு கட்டடத்தைச் சுற்றிவந்தாள். குப்பைத் தொட்டிக்குப் பின்னால், மின்சாரப் பெட்டிக்கு அடியில், மாடிப்படி முடுக்கில் எல்லாம் குனிந்து பார்த்தாள். கடைசியில் பின்பக்கத் தண்ணீர் மோட்டார் அறையில் கிடைத்தது. சாக்குக்கு அடியில், ஒட்டிய வயிறும் சிக்குப்பிடித்த முடியுமாக, கண்ணை மட்டும் திறந்து பார்த்தது. கையை நீட்டினாள். கீறவில்லை. தூக்கினாள். நனைந்த தலையணை உறைபோலக் கையில் தொங்கியது.

"கிடைச்சிருச்சுங்க" என்று கடைக்குள் வந்து அவர் மடியில் வைத்தாள்.

அவர் முகம் மலர்ந்தது. "என்ன மேனேஜர், சொல்லாம கொள்ளாம லீவு போட்டுட்டீங்க?"

பூனை வாயைத் திறந்தது. துருப்பிடித்த கீல் உள்ள கதவை யாரோ திறப்பதுபோல ஒரு கரகரப்பு வந்தது. வளைவும் இல்லை, கேள்வியும் இல்லை. மொட்டையாகத் தொடங்கி மொட்டையாக முடிந்தது.

லேத்துக்காரரின் கை நின்றது. பிறகு மெல்ல அதன் முதுகைத் தடவினார், காதைத் தொட்டார், வாலை நீவினார். அது அசையாமல் கிடந்தது.

"இது யாரு?" என்றார்.

"யாருன்னா? நம்ம மேனேஜர்தான்."

"மேனேஜர் என் மடியில எப்ப படுத்துச்சு?"

"உடம்பு சரியில்லைங்க. நாலஞ்சு நாளா சோறு தண்ணி இல்லாம கிடந்திருக்கு. தெம்பில்லாம படுத்திருக்கு."

"குரல்?"

"கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருக்கும்."

அவர் பூனையை இரண்டு கையாலும் எடுத்து, யாரோ ஒருவருடைய கைக்குழந்தையைத் திருப்பிக் கொடுப்பதுபோல அவளிடம் நீட்டினார்.

"நல்ல பூனையாத்தான் இருக்கு. ஆனா இது மேனேஜர் இல்ல. எதுக்கு இந்த வேலை உனக்கு?"

"எந்த வேலை?"

"அன்னைக்குச் செஞ்ச அதே வேலை."

சூடாகிக்கொண்டிருந்த இஸ்திரிப் பெட்டியின் விளக்கு டக்கென்று அணைந்தது.

அன்றைக்குச் செய்தது இதுதான். அவர்களுக்கு ஒரே மகன். வெளியூரில் குளிர்பதனக் கிடங்கு லாரி ஓட்டினான். அப்பாவின் கண் ஆபரேஷன் முடிந்து கட்டுப் போட்டிருந்த வாரத்தில், இரவெல்லாம் ஓட்டிவிட்டு விடியற்காலையில் ஒரு பாலத்தின் கைப்பிடிச் சுவரை இடித்துக்கொண்டு போய்விட்டான். அவர் அழக் கூடாது, இருமக்கூடக் கூடாது, அழுத்தம் ஏறினால் மிச்சப் பார்வையும் போய்விடும் என்று கண் டாக்டர் சொல்லியிருந்தார். அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு மகனை அடக்கம் செய்துவிட்டு வந்து, குளித்து, வேறு உடை மாற்றி, அவர் கட்டிலருகே உட்கார்ந்து, "பையன் பேசினான்" என்றாள். "புதுசா ரூட்டு மாத்தியிருக்காங்களாம், அங்க டவர் கிடைக்காதாம். அப்பா மருந்து போட்டுக்கிறாரான்னு கேட்டான்."

அப்படி ஒரு மாதத்துக்கும் மேல் மகனைப் பேச வைத்தாள். ஒருநாள் அவன் சிரித்தான், ஒருநாள் சளி பிடித்திருந்தது, ஒருநாள் அப்பாவுக்குச் செருப்பு வாங்கியிருப்பதாகச் சொன்னான். கண் டாக்டரும் ஒத்து ஊதினார். பஞ்சர் கடைக்காரர், "நேத்து என்கிட்டகூடப் பேசினான்ணே" என்றார். கட்டுப் பிரித்தபோது பார்வையும் வரவில்லை, மகனும் வரவில்லை. அன்றைக்கு அவர் அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "என் கண்ணுல கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருந்துச்சு. அதுல அவன் முகத்தைப் பார்த்திருப்பேன். அதையும் நீ விடல."

அதற்குப் பிறகு வெகுகாலம் அவளோடு பேசவில்லை. எப்போதோ ஒருநாள் எங்கிருந்தோ வந்து சூட்டுத் துணிமேல் ஏறி உட்கார்ந்த பூனைதான் அந்த மௌனத்தில் வாய் வைத்தது.

மறுநாள் அவள் பூனையை ஒரு துணிக்கூடையில் போட்டுக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் சின்ன வயசுப் பெண். நாலு நாய்கள் குரைத்துக்கொண்டிருந்த வராந்தாவில் இஸ்திரியக்காவைக் கூப்பிடும்வரை பூனை கூடைக்குள் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தது.

"குரல் எப்பலேருந்தும்மா இப்படி?"

"காணாமப் போயி வந்ததுலேருந்து."

"அதுக்கு முன்னாடி சரியா இருந்துச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. திடீர்னு மாறிச்சா, கொஞ்சம் கொஞ்சமாவா?"

அவள் யோசித்தாள். மழைக்கு முன்பே அது தட்டில் பாதியை வைத்துவிட்டுப் போனது ஞாபகம் வந்தது. ஒவ்வொரு வாய்க்கும் கழுத்தை நீட்டி விழுங்கியது. ஒரு காலை அதன் சத்தம் முரட்டுத்தனமாக வந்தபோது அவர், "மேனேஜர் இன்னைக்குக் கோவமா இருக்காரு" என்று சிரித்திருந்தார்.

"கொஞ்சம் கொஞ்சமாத்தான் போல இருக்கு."

"பூனைக்குக் குரல் சும்மா மாறாதும்மா. சளி பிடிச்சா கம்மும். எங்கயாவது மாட்டிக்கிட்டு ராப்பகலா கத்தினா நம்மள மாதிரியே தொண்டை கட்டும். அது ரெண்டும் சில நாள்ல சரியாயிடும். வயசான பூனைக்குக் கழுத்துச் சுரப்பி பெருத்தாலும் மாறும், குரல்வளை நரம்பு செத்தாலும் மாறும். அப்புறம் இன்னொண்ணு இருக்கு. மயக்கம் கொடுத்துப் பார்த்தாத்தான் சொல்ல முடியும்."

முன்னங்காலில் கொஞ்சம் முடியைச் சிரைத்து ஊசி போட்டார்கள். டாக்டர் பூனையின் வாயைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அந்த நேரத்திலேயே இஸ்திரியக்காவுக்குப் புரிந்துவிட்டது.

"குரல்வளைக்குப் பக்கத்துலயே ஒரு கட்டி இருக்கும்மா. பட்டாணி அளவு. அந்த இடத்துல வெட்டி எடுக்க வழியில்ல. வீக்கம் குறைய மருந்து தர்றேன். கொஞ்ச நாள் தாங்கும். மூச்சுக்குத் திணற ஆரம்பிச்சா கொண்டாங்க, கஷ்டப்படாம அனுப்பி வைக்கலாம்."

"குரல் திரும்ப வராதா டாக்டரம்மா?"

"குரலா? அது வராதும்மா."

"ஒரே ஒரு தடவை. பழைய மாதிரி ஒரு தடவை கத்தினாப் போதும்."

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தாள். இஸ்திரியக்கா கூடையின் காதைப் பிடித்து முறுக்கிக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள், முழுவதும் இல்லை, பாதி. டாக்டர் அவள் போனை வாங்கி அங்கிருந்தே லேத்துக்காரரிடம் பேசினாள். பூனைகளுக்கு ஏன் குரல் மாறும் என்று திரும்பவும் முதலிலிருந்து பொறுமையாகச் சொன்னாள். மறுமுனையில் அவர் எல்லாவற்றுக்கும் "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்றார்.

வீட்டுக்கு வந்ததும், "அந்த டாக்டரம்மாவுக்கு நல்ல மனசு" என்றார். "கண் டாக்டருக்கும் நல்ல மனசுதான். அவரும் இப்படித்தான் மெதுவா, தன்மையாப் பேசினாரு."

"இவங்களுக்குப் பொய் சொல்லி என்னங்க ஆகப்போகுது?"

"கண் டாக்டருக்கு மட்டும் என்ன ஆச்சு?"

பஞ்சர் கடைக்காரர் ஒரு முயற்சி செய்து பார்த்தார். டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"அண்ணே, சத்தியமாச் சொல்றேன். அதே வெள்ளை நெஞ்சு, அதே சாம்பல் முதுகு. இது மேனேஜரேதான்."

"தம்பி, நேத்து என்கிட்டகூடப் பேசினான்னு சொன்னது யாரு?"

பஞ்சர் கடைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பிப் போனார். "அக்கா, சூடு கண்ட பூனைக்குப் பச்சைத் தண்ணியும் சுடத்தான் செய்யும்" என்றார் இஸ்திரியக்காவிடம். "நாமதான் அன்னைக்குச் சூடு போட்டோம்."

அவள் தன்னால் ஆனதையெல்லாம் செய்தாள். மருந்தைப் பொடித்து மீன் வேகவைத்த தண்ணீரில் கலந்து ஊட்டினாள். தேய்த்து முடித்த துணியின் சூட்டில் பூனையைப் படுக்க வைத்தாள். இப்போது அவளாக ஏற்றிவிட வேண்டியிருந்தது. "அன்னைக்கு ஒருநாள் மேனேஜர் கோவமா இருக்காருன்னு நீங்களே சொன்னீங்களே, அப்பவே குரல் மாற ஆரம்பிச்சிருக்குங்க" என்று எடுத்துக் கொடுத்தாள்.

"அது கோவம். கோவத்துல இருந்தாலும் அவர் குரல் எனக்குத் தெரியும். இது வேற."

"உங்க கால்கிட்ட வருது பாருங்க. தெரியாத பூனை வருமா?"

"சோறு போடுற வீட்ல எந்தப் பூனையும் காலைச் சுத்தும்."

"நான் வேற பூனையைக் கொண்டாந்து வெச்சு எனக்கு என்னங்க லாபம்?"

"அதுதான் எனக்கும் புரியல." குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "நான் தாங்க மாட்டேன்னு நினைக்கிற. எப்பவும் அப்படித்தான் நினைக்கிற. செத்துப்போச்சுன்னா செத்துப்போச்சுன்னு சொல்லேன்."

"சாகல. இதோ இருக்கு."

பூனை கரகரத்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மழை விட்டு வெயில் மங்கலாக எட்டிப்பார்த்த ஒரு பிற்பகல், அவள் லாட்ஜுக்குப் படுக்கை விரிப்புகளைக் கொடுக்கப் போயிருந்தாள். கட்டுக் கட்டாகச் சுமந்து மூன்றாவது மாடிவரை ஏற்றி இறக்கிவிட்டுத் திரும்பியபோது, தெருமுனையில் கூட்டம் நின்றது. அவர் கடையை விட்டு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே தெருவுக்கு வந்து, "மேனேஜர், மேனேஜர்" என்று கூப்பிட்டுக்கொண்டே நடந்திருக்கிறார். பெரிய சாலை எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் இறங்கிவிட்டார். ஒரு வேன்காரன் வண்டியை ஒடித்துத் திருப்பியதால் உயிர் பிழைத்தார். திறந்து கிடந்த சாக்கடைக்குள் ஒரு கால் போய், முழங்காலிலிருந்து கணுக்கால்வரை தோல் வழித்திருந்தது.

"மேனேஜராம், எந்தக் கம்பெனி மேனேஜரைத் தேடுறாருன்னு தெரியலையேம்மா" என்றார் கூட்டத்தில் ஒருவர். சிலர் சிரித்தார்கள்.

பஞ்சர் கடைக்காரரும் அவளுமாகக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். அவள் காலைக் கழுவி மருந்து போட்டாள். சேற்றை வழிக்கும்போது அவர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பெஞ்சுக்கு அடியில் பூனை. மூச்சு விடும்போது விலா ஏறி இறங்கியது வெளியே தெரிந்தது.

"இனிமே போகாதீங்க" என்றாள்.

"போவேன். நீ சொல்ற வரைக்கும் போவேன். எங்கயாவது மாட்டிக்கிட்டு என்னைக் கூப்பிட்டுக்கிட்டு இருக்கும். பையனும் அப்படித்தான் கடைசியில கூப்பிட்டிருப்பான், நான் இங்க கட்டில்ல படுத்துக்கிட்டு அவனுக்குச் சளி பிடிச்சிருக்குன்னு கவலைப்பட்டுக்கிட்டு இருந்தேன்."

அவள் துணியை வாளியில் பிழிந்தாள். தண்ணீர் சிவப்பாகவும் கறுப்பாகவும் ஓடியது. இந்த மனுஷன் நாளைக்கும் போவார், நாளை மறுநாளும் போவார், எல்லா வேன்காரனும் திருப்பமாட்டான். உண்மையை எத்தனை விதமாகத்தான் சொல்வது? அவளிடம் இருந்தது ஒரே ஒரு உண்மை. அது செல்லாத சரக்காகிப் போயிருந்தது.

"செத்துப் போச்சுங்க" என்றாள்.

அவர் முகம் அவள் பக்கம் திரும்பியது.

"மழை ஆரம்பிச்ச அன்னைக்கே. ரோட்டுல ஏதோ வண்டி அடிச்சிருக்கு. விடியக்காலைல நான்தான் பார்த்தேன்." ஒன்று சொன்னதும் அடுத்தது தானாக வந்தது. பழகின கை. "உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. மோட்டார் ரூம்ல இது கிடந்துச்சு. பார்க்க அதே மாதிரி இருந்துச்சு. எடுத்தாந்துட்டேன்."

"அப்ப இது வேற பூனை."

"ஆமா. வேற பூனை."

"டாக்டரம்மா?"

"நான்தான் அப்படிப் பேசச் சொன்னேன்."

அவர் நீளமாக மூச்சு விட்டார். எத்தனையோ நாளாக அடக்கி வைத்திருந்த மூச்சுபோல அது வந்தது. பிறகு வாய் கோணியது. மகன் போன சேதி தெரிந்த அன்று வராத அழுகை அப்போது வந்தது. தலையைப் பின்னால் சுவரில் சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு, குழந்தைபோல அழுதார். பக்கத்துக் கடையில் டியூபுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த சத்தம் நின்றுபோனது. பூனைக்காக மட்டும் அழவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் கையால் துழாவி அவள் கையைப் பிடித்தார். அவராக அவளைத் தொட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது.

"இப்பவாவது சொன்னியே" என்றார். "இது போதும். இதைத்தான் நான் கேட்டேன். எவ்வளவு கஷ்டமா இருந்தாலும் உள்ளதைச் சொல்லு. நான் தாங்கிக்குவேன்."

"சரிங்க."

"இனிமே எங்கிட்ட எதையும் மறைக்காத."

"மறைக்கல."

"எங்க புதைச்ச?"

அதை அவள் யோசித்திருக்கவில்லை. "பின்னாடி, சுவரோரமா" என்றாள்.

கூட்டிப் போகச் சொன்னார். நொண்டிக்கொண்டே வந்தார். மோட்டார் அறையைத் தாண்டி, உடைந்த செங்கல் கிடந்த ஓரத்தில், புல்லில்லாத ஓரிடத்தைப் பார்த்து அவரை உட்கார வைத்தாள். அவர் ஈர மண்ணை உள்ளங்கையால் தடவினார். அங்கிருந்த ஒரு சின்னக் கல்லை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு, மடித்த சட்டைமேல் கோடு கிழிப்பதுபோல விரலால் மண்ணை நீவிச் சமன் செய்தார். அவள் நின்றுகொண்டு பார்த்தாள். அந்த மண்ணுக்கு அடியில் மண்தான் இருந்தது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சு திறந்துகொண்டது. அவர் நேரடியாகவே சக்கரை கேட்டார். பட்டறையில் சின்ன வயசில் இரும்புச் சுருள் முகத்தில் தெறித்த கதையைச் சொன்னார். மகன் மூன்று சக்கர வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டபோது வாசற்படியில் முட்டிக்கொண்டதைச் சொல்லிச் சிரித்தார். அவளும் சிரித்தாள். மகனைப் பற்றி இருவரும் சேர்ந்து சிரிக்கும் நாள் வருமென்று அவள் நினைத்ததில்லை. பஞ்சர் கடைக்காரர் ஒருநாள் வந்து அவர் மடித்துக்கொண்டே பாடுவதைக் கேட்டுவிட்டு, அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "எப்படிக்கா நம்ப வெச்சே?" என்று கேட்டார்.

"பொய் சொன்னேன்" என்றாள்.

அவருக்கு விளங்கவில்லை. விளக்கிச் சொல்ல அவளுக்கும் தெம்பில்லை.

பூனை நாளுக்கு நாள் இளைத்தது. மருந்து கொஞ்சம் தாங்கியது, பிறகு தாங்கவில்லை. இரவில் அது மூச்சை இழுக்கும் சத்தம் கேட்கும்போது அவர், "அந்தப் பூனைக்கு என்ன?" என்பார். "சளி" என்பாள். அவர் அதை வெறுக்கவில்லை. "பாவம், அதும்மேல என்ன தப்பு" என்றுதான் சொன்னார். தன் தட்டிலிருந்து மீன் துண்டை எடுத்துக் கீழே போட்டார். ஆனால் அதோடு பேசவில்லை. பேர் சொல்லவில்லை. அதற்குக் காது கேட்காமல் இல்லை. அவர் குரல் கேட்கிற பக்கமெல்லாம் தலை திரும்பிக்கொண்டுதான் இருந்தது. அவர் வாத்தியாரோடு பேசினாலும், லாட்ஜ்காரனோடு பேசினாலும், ஒவ்வொரு பேச்சுக்கும் அது தன் முறை என்று நினைத்து வாயைத் திறந்தது. சில சமயம் கரகரப்பு வந்தது. சில சமயம் வாய் மட்டும் திறந்து மூடியது.

காற்று வெளியே போகாமல் புழுங்கிய ஒரு காலை, அது மூச்சுக்குத் திணறத் தொடங்கியது. நாக்கு நீலம் பாரித்திருந்தது. கால்நடை ஆஸ்பத்திரி திறக்கும் நேரத்துக்காக அவள் துணிக்கூடையில் பழைய விரிப்பை மடித்துப் போட்டு வைத்தாள். அவர் பெஞ்சில் உட்கார்ந்து தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"எங்க கிளம்புற?"

"இந்தப் பூனைக்கு முடியல. ஊசி போட்டு அனுப்பிடலாம்னு டாக்டரம்மா சொன்னாங்க."

"அடப் பாவமே. சரி, கஷ்டப்படாம போகட்டும். நல்ல காரியம்தான்."

அவள் குனிந்து பார்த்தபோது மூலையில் பூனை இல்லை. அது வயிற்றைத் தரையில் இழுத்துக்கொண்டு பெஞ்சை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் நின்று வாயைப் பிளந்து காற்றைத் தேடியது. பிறகு நகர்ந்தது. அவர் காலடிக்குப் போய், புண் ஆறிக்கொண்டிருந்த காலுக்குப் பக்கத்தில் தலையைச் சாய்த்து, மேலே பார்த்தது. ஒரு சத்தம் கொடுத்தது. அது தொடங்கும்போதே உடைந்தது. இருந்தும் கடைசியில் எதையோ மேலே தூக்கப் பார்த்தது, முடியவில்லை.

அவர் மடிப்பதை நிறுத்தினார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். சொல்லிவிடலாம். இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் அவர் நம்பமாட்டார். ஒருவேளை நம்பிவிட்டால், அது அதைவிட மோசம். அவருக்குத் திரும்பக் கிடைத்திருந்த பெண்டாட்டியும் அந்த ஒரு வார்த்தையோடு போய்விடுவாள்.

அவர் குனிந்து, விரல் நுனியால் அதன் நெற்றியைத் தொட்டார்.

"யாரையோ தேடுது பாரு" என்றார் மெதுவாக. "அதுக்கும் ஒரு வீடு இருந்திருக்கும். அந்த வீட்டுல ஒரு ஆளு இருந்திருக்கும். கடைசி நேரத்துல தெரியாத இடத்துல வந்து கிடக்குது."

"ஆமாங்க" என்றாள்.

"தூக்கிக்க. சீக்கிரம் கொண்டு போ."

அவள் மண்டியிட்டு அதைத் தூக்கினாள். அது வரவில்லை. கனமே இல்லாத அந்த உடம்பிலிருந்து நீண்ட முன்னங்கால், நகத்தை அவர் கால்சட்டை நுனியில் மாட்டிக்கொண்டிருந்தது. துணி கிழிந்துவிடாமல், அவருக்குத் தெரிந்துவிடாமல், ஒவ்வொரு நகமாக அவள் விடுவித்தாள்.